நேராக வீட்டுக்கு

காளஹஸ்தியை விட்டு ஏர்பேடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்கள் வந்தன, போயின, ஏறத் தோன்றவில்லை. தோஷம், பரிகாரம், பேய் எதையும் நம்பியவன் இல்லை நான். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

என் மனைவி வசந்தாவுக்கு வேறொரு ஆளோடு பழக்கம். ஊருக்கெல்லாம் தெரிந்துபோன பிறகு, ராகு கேது பூஜை செய்தால் குடும்பம் சேரும் என்று அவள் அண்ணன்தான் எங்களை அனுப்பிவைத்தார். பூஜை முடிந்ததும் ஐயர் எல்லாருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார். "நேருகா இண்டிகி வெள்ளண்டி." நேராக வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் எவர் வீட்டிலும் நுழையக் கூடாது.

கோயிலுக்கு வெளியே அந்த ஆளின் கார் நின்றது.

"நீ போ, நான் வர்ல," என்றாள் வசந்தா.

"பாப்பா கேட்டா இன்னா சொல்றது?"

"உனக்குத் தோணினத சொல்லு."

கார் சென்னை ரோட்டில் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் புத்தூருக்கு அது வழியே இல்லை.

வீட்டில் எட்டு வயது மகள் காத்திருந்தாள். அம்மா வரமாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால் சாயங்காலம் ஒரு புளியமரத்தடியில் நின்று போன் செய்தேன்.

"யாரு?"

"நைனா பேசறேம்மா." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சிரித்தாள். "பொய்யி. நைனா உள்ள துன்னுகினு கீறாரு. அம்மாவும் கீது. இப்பதான் வந்தாங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்போது போனில் அவளுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. பல வருஷம் சிமெண்ட் தூசியில் வேலை செய்து எனக்கு வந்த இருமல், முடியும்போது விசில் போல இழுக்கும். "தண்ணி குடிச்சிட்டு துன்னுய்யா, யாரு துரத்தறாங்க?" என்று வசந்தா அதட்டினாள், நல்லா இருந்த காலத்தில் என்னை அதட்டியது போலவே. மகள் போனை வைத்துவிட்டாள்.

அந்த ஆளைத்தான் மகள் நைனா என்று சொல்லியிருப்பாள் என்பீர்கள். இருக்கட்டும். என் இருமல் அவனுக்கு எப்படி வந்தது?

நான் வீட்டுக்குப் போகவில்லை. கதவைத் தட்டினால் யார் வந்து திறப்பார்கள் என்று பயம். இன்றைக்கும் போன் செய்தால் மகள் முதலில் கேட்பது, "எந்த நைனா?"

அந்தப் போனுக்கு மறுநாள் காலை ரேணிகுண்டாவில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். குடும்பம் இருக்கிறதா என்று முதலாளி கேட்டார்.

"புத்தூர்லண்ணா. எல்லாரும் வூட்லதான் கீறாங்க," என்றேன்.