நடுவில் நிற்காத கார்டு

உயிரோடு இருந்த ஒரு அம்மாவின் சாவைப் படம்பிடிப்பதற்காக, மெமரி கார்டு வாங்க எங்கள் ஊர் கருங்கல்லிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறியவன் நான். அவர் என்னோடு படித்த நண்பனின் அம்மா. நண்பன் வளைகுடாவில், ஃபோன் சிக்னல்கூட ஒழுங்காகக் கிடைக்காத ஒரு பாலைவனத்தில் வேலை பார்த்தான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். லீவு கிடைக்காது என்று உறுதியானதும் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மக்கா, நல்ல கார்டா போட்டு எடு. நடுவுல நிண்ணுரப்பிடாது. ஒண்ணையும் வெட்டவும் செய்யாத. எல்லாத்தையும் நான் பாக்கணும்."

எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு இது வழக்கம்தான். கல்யாண ஆல்பத்தைக் கடை முகப்பில் விரித்து வைப்போம். சாவு வீடியோ எடுப்போம் என்று எவனும் போர்டு வைப்பதில்லை. ஆனால் பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால், குளிப்பாட்டுவதிலிருந்து கொள்ளி வைப்பதுவரை எடுத்தே ஆக வேண்டும். கல்யாணத்தில் ஏதாவது விட்டுப்போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் திரும்ப நிறுத்தி மாலை மாற்றச் சொல்லலாம். நானே சொல்லியிருக்கிறேன். இங்கே அந்தப் பாச்சா பலிக்காது.

கார்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கன். கடைக்காரர் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வேகத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். அது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும்போது உள்ள வேகம். அதை வைத்து வீடியோக்காரன் என்ன செய்ய? கேமரா விடாமல் ஓடும்போது பதியும் வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதைச் சொல்லும் எண் ஒரு மூலையில் பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டும். போதாததற்குப் போலிகள் வேறு. பார்க்க அசல் போலவே இருக்கும்; பாதி நிறைந்த பிறகு எடுத்ததெல்லாம் காற்றோடு போய்விடும்.

அதனால் புதுக் கார்டை நான் லேசில் நம்ப மாட்டேன். ஸ்டுடியோ சுவரைப் பார்த்துக் கேமராவை நிறுத்தி, கார்டு நிறையும்வரை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எதற்கான ஒத்திகை என்று நினைத்தபோது எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

சில நாட்களில் அம்மா போய்விட்டார். கார்டு சொன்னபடி கேட்டது. குளிப்பாட்டியது, கோடி போர்த்தியது, வாய்க்கரிசி போட்டது, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து மூலையில் நண்பனின் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தது, எதுவும் விட்டுப்போகவில்லை. அம்மாவின் தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுததும் விட்டுப்போகவில்லை.

"பெத்த பிள்ள வரல்லியே எனக்க அக்கா! எவன் கையாலயோ கொள்ளி வாங்கிட்டுப் போறியே!"

அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். மைக் நன்றாகவே வேலை செய்தது.

மறுவருடம் நண்பன் லீவில் வந்தான். அதுவரை வீடியோவை அனுப்ப வேண்டாம், நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். ஸ்டுடியோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். சித்தி அழுத இடம் வந்ததும் அவனே கைநீட்டி நிறுத்தினான்.

"அழிச்சிரு மக்கா."

"சத்தத்த மட்டும் எடுத்துத் தரட்டா?"

"சத்தத்த எடுத்தா எனக்குக் கேக்காமப் போவுமா?"

கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை அழித்தேன். அவனுக்காக அப்படியே எடுத்து வைத்திருந்த கார்டையும் அவன் கண்ணெதிரே ஃபார்மேட் செய்து காலியாக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவனிடம் மறைக்க மனம் வரவில்லை. மேலே வேறு எதையாவது பதியும்வரை பழையது அடியில்தான் கிடக்கும், முயன்றால் திரும்ப எடுத்துவிடலாம் என்றேன்.

"அப்ப மேல எடு. எங்க வீட்டுல வச்சே எடு."

அடைத்துக் கிடந்த வீட்டைத் திறந்தான். அம்மா படுத்திருந்த கட்டில் மட்டும் அறையில் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துக் கேமராவை நிறுத்தி ஓடவிட்டுவிட்டு, நான் தோட்டத்துக்குப் போனேன். எரித்த இடத்தில் நட்ட தென்னம்பிள்ளை இரண்டு ஓலை விட்டிருந்தது. கூட வந்தவன், எப்போது என்னை விட்டு நகர்ந்தான் என்று கவனிக்கவில்லை. கார்டு நிறைந்திருக்கும் என்று தோன்றியபோது போய்க் கேமராவை எடுத்துக்கொண்டேன். அவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஸ்டுடியோவுக்கு வந்து, பழக்கதோஷத்தில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கட்டிலும் சுவரும்தான். எங்கோ ஒரு பல்லி கத்தியது. பாதிக்கு மேல் ஓடியபின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். முகம் கேமராவுக்குத் தெரியவில்லை.

"எம்மா," என்றான். "நான் வந்துட்டேன்மா."

கார்டு நிறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை.