டீச்சரிடம் சொன்ன பொய்

இன்று ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து, புத்தூரில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு ரிட்டையர்டு டீச்சர். அவர் கணவர் எங்கள் வார்டில்தான் இருக்கிறார். மூன்று ஆன்டிபயாடிக் மாற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை.

டீச்சர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டையோடு வெட்டி வைத்த, மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரைகள்.

"மீந்ததை எதுக்குத் தூக்கிப் போடணும் சிஸ்டர்? அவருக்குக் காய்ச்சல்னா இதுல ரெண்டு குடுப்பேன். மறுநாளே விட்டுடும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இப்படி அரைகுறையா குடுத்துத்தான் இன்னைக்கு எந்த மருந்தும் கேக்காம படுத்திருக்காரு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டீச்சர் கூட்டை மூடிக்கொண்டார்.

காவிரிப் பாலம் வந்ததும் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கே சிஸ்டர், என்ன போட்டீங்க?"

டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் விட்டுப்போகும் ஆன்டிபயாடிக் அட்டைகள் எங்கள் வார்டு டிராயரில் எப்போதும் கிடக்கும். அதிலிருந்து நேற்று ஒரு மாத்திரை, இன்று காலை ஒன்று எடுத்துப் போட்டிருந்தேன்.

"வெந்நீர்தாம்மா குடிச்சேன்" என்றேன்.

நர்ஸ் தோழிகளே, உங்கள் டிராயரில் என்ன கிடக்கிறது? இங்கேயாவது உண்மையைச் சொல்லுங்கள். என்னால் டீச்சரிடம் சொல்ல முடியவில்லை.