மாமா அனுப்பிய ஜப்பான் பாட்டுகள்

ஜப்பான் மொழியில் எனக்கு ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஆனால் எண்பதுகளின் கடைசியில் அந்த நாட்டையே ஆட்டிவைத்த ஒரு பெண்கள் குழுவின் பாட்டுகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பிசகாமல் பாடுவேன். வேலையிடத்தில் ஒருநாள் நான் முணுமுணுத்ததைக் கேட்ட ஜப்பான்காரப் பெண்மணி ஒருவர், அவை தன்னுடைய பள்ளிக்கூட நாள்களின் பாட்டுகள் என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டார். உனக்கு இவை எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டார். மாமா அனுப்பியவை என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதாது.

அப்போது நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா, லண்டனுக்கென்று ஊரிலிருந்து வெளிக்கிட்டு எப்படியோ ஜப்பானில் போய் நின்றுவிட்டார். ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடம் அதுதான் என்று அப்பா பகிடியாகச் சொல்வார். அங்கே ஒரு தொழிற்சாலையில் மாமாவுக்கு வேலை கிடைத்தது. கடிதம் எழுத அவருக்குப் பஞ்சி, அப்படியொரு சோம்பல். அதனால் கசட்டில் பேசி அனுப்புவார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். மற்றவர்களுடைய கசட்டில் சுகம் விசாரிப்பும் விம்மலும் இருக்கும். மாமா தன்னுடையதில் ஒரு வானொலி நிலையத்தையே நடத்தினார்.

அறிவிப்பாளராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஊரில் நிறைவேறாததை அக்காவின் செலவில்லாத காதுகளில் நிறைவேற்றிக்கொண்டார். அந்தப் பெண்களின் பாட்டொன்றைப் போடுவார். அது முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "அன்பார்ந்த நேயர் அக்கா அவர்களே, நேயர் மருமகள் அவர்களே" என்று தொடங்குவார். "இப்ப நீங்கள் கேட்டது, பள்ளிக்கூடம் முடிஞ்சு பிரிஞ்சு போற பிள்ளையள் பாடின பாட்டு. இதைக் கேட்டு இஞ்சை பெரிய பெரிய ஆம்பிளையளும் அழுகினமாம். எனக்கெண்டால் பசிதான் வருது." அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த வயிற்றில் அப்போது என் தம்பி இருந்தான். அவனுக்கு முந்திய பிள்ளை தங்கவில்லை. இந்த முறையும் அம்மாவுக்குப் பிரஷர் ஏறியிருந்தது. அதிர்ச்சியான செய்தி எதுவும் அவர் காதுக்குப் போகக்கூடாது, போனால் பிள்ளைக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா செத்துப்போனார். வேலைக்குச் சைக்கிளில் போனவரை லொறி மோதிவிட்டது. மாமாவோடு அறையில் இருந்த நண்பர் அப்பாவின் வேலையிடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னார். அப்பா அதை அங்கேயே விழுங்கிவிட்டு, வழக்கம்போல வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினார். பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்பது அவருடைய கணக்கு. எனக்கு ஏழு வயது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அந்த நண்பர் மாமாவின் சாமான்களை ஒரு பெட்டியில் கட்டி, அதையும் வேலையிடத்துக்கே அனுப்பினார். அதற்குள் அக்காவுக்கு அனுப்பவென்று மாமா முன்கூட்டியே பேசி வைத்த கசட்டுகள் இருந்தன. அப்பா அவற்றை ஒளித்து வைத்து, இடைக்கிடை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, தபாலில் வந்தது என்று அம்மாவிடம் கொடுத்தார். செத்தவர் எங்கள் முன்னறையில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்க நேரும்போதெல்லாம் அப்பாவுக்குக் கீழே ஏதோ அவசர வேலை வந்துவிடும்.

வாயால் அப்பா நன்றாகத்தான் பொய் சொன்னார். சாப்பாட்டில்தான் பிடிபட்டார். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை தவறாமல் ஃபாரஸ்ட் கேட் கடையில் மீன் வாங்கி வருகிறவர், போன் வந்த வாரத்துச் சனிக்கிழமை கத்தரிக்காயோடு வந்தார். "பிள்ளை பிறக்குமட்டும் மரக்கறிதான் எண்டு நேத்தி வைச்சிருக்கிறன்" என்றார். அம்மாவும் நம்பினார், சந்தோஷப்பட்டார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகக் கூப்பிட்டபோது அப்பா தலையிடி என்றார். அதற்கடுத்த வெள்ளியும் ஏதோ சாட்டு. நேர்த்தி வைத்தவன் கோயில் வாசலை மிதிக்காமல் இருப்பானா? மீனும் இல்லை, கோயிலும் இல்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். வீட்டில் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை அப்படித்தான் இருப்பார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் மச்சானின் சாவுக்கு அப்பா அவ்வளவு காக்கத் தேவையில்லை. ஆனாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. மனைவியை ஏமாற்றத் துணிந்தவருக்கு மச்சானை ஏமாற்ற முடியவில்லை.

ஒருநாள் சோறு போடும்போது அம்மா சாதாரணமாகக் கேட்டார். "இஞ்சேருங்கோ, தம்பியோடை ஒருக்கா போனிலை கதைப்பமே?"

"அவன் இப்ப வேலைக்குப் போயிருப்பான்" என்றார் அப்பா. எப்போது எடுக்கப் போகிறோம் என்று அம்மா இன்னும் சொல்லவேயில்லை.

அம்மா ஓம் என்று சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு கரண்டி பருப்பு விட்டார். அதன் பிறகு போன் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து கேட்டதெல்லாம், தம்பியின் கசட்டு வந்ததா என்றுதான். அப்பாவும் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு அது பெரிய கொண்டாட்டமான காலம். முன்பெல்லாம் பாட்டைச் சத்தமாகப் போட்டால் கீழ் வீட்டுக்காரர் வீடு கூட்டும் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார்கள் என்று அம்மா அதட்டுவார். இப்போது அப்பா வேலைக்குப் போனதும் அம்மாவே கசட்டைப் போட்டார்.

"சத்தத்தைக் கூட்டிவிடு பிள்ளை."

"கீழை இடிப்பினம் அம்மா."

"இடிச்சால் இடிக்கட்டும். நீ ஆடு."

நான் சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் எல்லோருமாக நானே மாறி ஆடினேன். அம்மா குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிட்டுக்கு மா குழைத்தார். மாமாவின் குரல் வந்தால் கை நிற்கும். பாட்டு வந்ததும் மறுபடி குழைப்பார். ஒருமுறை நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. "அடுப்புச் சூடு, வேர்க்குது" என்றார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் நம்பிக்கொண்டு திரும்பி ஓடினேன், பாட்டு முடிவதற்குள் ஆட வேண்டியிருந்தது.

தம்பி சுகமாகப் பிறந்தான். அம்மா வீட்டுக்கு வந்து உடம்பு தேறியபின், அப்பா, அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரண்டு மாமிமாரை இருத்திவிட்டுச் செய்தியைச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் அவரே தேம்பித் தேம்பி அழுதார். மாமிமார் ஒப்பாரிக்கு ஆயத்தமானார்கள். அம்மா மடியில் கிடந்த குழந்தையின் துணியைச் சரிசெய்துவிட்டு, அப்பாவின் தலையைத் தடவி, "இனிமேலாவது வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

கூடப்பிறந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சுக்காரி என்று மாமிமார் படியிறங்கும்போதே பேசிக்கொண்டார்கள். பிறகு ஈஸ்ட்ஹாம் முழுக்கப் பேசினார்கள். அப்பா தன் கெட்டித்தனத்தால் பிள்ளையைக் காப்பாற்றினதாகக் கடைசிவரை நம்பினார், வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அம்மா பக்கத்திலிருந்து தலையாட்டினார். அப்பா காலமான பிறகுதான், மீனையும் கோயிலையும் பற்றி என்னிடம் வாய் திறந்தார்.

மாமிமார் சொன்னதை அந்த வயதில் நானும் நம்பினேன். மாமாவுக்காக அம்மா அழவில்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட இருந்தது. அவர் அழுதபோது அந்த வீட்டில் கூட இருந்தது நான் ஒருத்திதான். நான் ஆடிக்கொண்டிருந்தேன்.