மாமியாரும் நானும் மலைரோடும்

மன்னார்குடிப் பக்கம் என் ஊரில் ரோட்டோரம் நின்றால், பஸ் வருவது வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். வயல்களுக்கு நடுவே ஒரு பொட்டு மாதிரித் தோன்றும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். அதற்குள் வீட்டுக்குள் ஓடிப்போய், மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அப்படிப்பட்ட ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டிக் கல்லூரிக்குப் போனவள் நான்.

கல்யாணமாகி இலங்கைக்கு வந்த அன்று, மாத்தளையிலிருந்து வேனில் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரோடு எப்ப நேராகும்?" என்று என் கணவரிடம் கேட்டேன். வேன் ஓட்டியவரும் சேர்ந்து சிரித்தார். எங்கள் வீடு ரத்தோட்டை டவுனைத் தாண்டி, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற ரோட்டில் சில வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. வீட்டு வாசலும் ஒரு வளைவில்தான்.

கணவருக்குத் தம்புள்ளை மொத்தச் சந்தையில் வேலை. மரக்கறி லொறிகள் வரும் நேரத்துக்கு இவரும் அங்கே இருக்க வேண்டும் என்பதால், வார நடுவில் அங்கேயே தங்கிவிடுவார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாமியார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எனக்கு அவரைப் பார்த்தால் பயம். என்னைப் பார்த்தால் அவருக்கும் பயம்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. "இந்தியாவுல படிச்ச புள்ள, நம்ம பேச்சு புடிக்குமோ என்னவோன்னு இருந்துச்சு" என்று பின்னால் சொன்னார்.

வந்த மறுநாள் காலையில், "பான் வாங்கியிருக்கேன், சாப்புடுறியா புள்ள?" என்று கேட்டார். விடிந்தும் விடியாமலும் வெற்றிலை போடச் சொல்கிறாரே என்று திகைத்து, "பழக்கமில்லைங்க அத்தை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பிறகு ரொட்டித் துண்டுகளும் தேங்காய்ச் சம்பலும் தட்டில் வந்தபோதுதான், இங்கே பான் என்றால் பிரெட் என்று புரிந்தது. வெட்கத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

டவுனில் இதைவிட மோசம். மாத்தளையில் ரோட்டைக் கடக்க நான் பாதசாரிக் கோட்டருகே நின்றால், பெரிய பஸ் ஒன்று எனக்காக நின்றுவிடும். எங்கள் ஊரில் எந்த பஸ்ஸும் எனக்காக அப்படி நின்றதில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து நான் அசையாமல் நிற்பேன். டிரைவர் கையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போவார். ஒருமுறை ரத்தோட்டை பஸ்ஸின் படியில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்து, "என்ன, என்ன!" என்று அவசரமாகக் கத்தினார். "ஒண்ணும் இல்லைங்க, சும்மா நிக்கிறேன்" என்றேன். பஸ் போய்விட்டது. சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க' என்று அர்த்தமாம். வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் சிரிக்க முடியாத நாளும் வந்தது. ஒரு மாலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ரத்தோட்டை தாண்டியதும் பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அடையாளம் வைத்திருந்த எதுவும் தெரியவில்லை. இறங்க வேண்டும் என்றால் "பஹினவா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வார்த்தை தெரியும், வாய் வரவில்லை. பஸ் நிறைய ஆட்கள். தப்பாகச் சொல்லிவிட்டால்? யாராவது இறங்குவார்கள், அப்போது இறங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் இறங்கவில்லை. கடைசியில் பஸ் தானாக நின்றபோது, எனக்குத் தெரியாத ஒரு தேயிலை மலையில் இறங்கி, அழுதுகொண்டே கீழே நடந்தேன்.

பாதி வழியில் எதிரே குடை ஒன்று தெரிந்தது. மாமியார்தான். முட்டிவலிக்காரர், ஒரு கையில் குடையும் மறு கையில் கம்புமாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

"பஸ்ஸு நிக்காம போனத பாத்தேன். ஒன் சீலை கலரு தெரிஞ்சுச்சு" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் காலில் ஏறியிருந்த அட்டைகளைக் குனிந்து பிடுங்கிப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "நீ பஸ்ஸுல இருக்க. நாந்தான் கண்டக்டரு. எறங்கணும். கூப்புடு."

"பஹினவா" என்றேன்.

"பஸ்ஸு போயிருச்சு. திருப்பி."

"பஹினவா!"

"டிரைவருக்குக் கேக்கல."

கடைசியில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "இப்ப நிப்பாட்டுவான்" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அந்த நடைக்குப் பிறகு அவருடைய முட்டி மோசமாகிவிட்டது. மாதாமாதம் மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக வேண்டும். பஸ்ஸின் உயரமான படியில் அவர் ஏறுவதைப் பார்க்கவே முடியாது. பஸ் ஆடினால் வாந்தி வேறு. அந்த வார இறுதியில் கணவர் வந்தபோது, "எனக்கு ஒரு ஸ்கூட்டி வேணும்" என்றேன்.

"இந்த ரோட்டுலயா?" என்றார்.

"இந்த ரோட்டுலதான்."

இடது பக்கம் ஓட்டுவது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். லைசென்ஸ் பரீட்சையில் மறுபடியும் ஓட்டிக் காட்டியபோதும் சிரமம் இல்லை, அது சமதரை. ரோடுதான் எனக்கு வசப்படவில்லை. எங்கள் ஊரில் வண்டியைக் கண்ணால் பார்த்து ஒதுங்குவோம். இங்கே காதால் கேட்டு ஒதுங்க வேண்டும். முதல் வாரமே ஒரு வளைவில் லொறிச் சத்தத்துக்குப் பயந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மழைத்தண்ணீர் ஓடும் ஓரத்துக் கானுக்குள் சரிந்து விழுந்தேன். முழங்கை முழுக்கச் சேறும் சிராய்ப்பும். இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை, பான் விற்கிற த்ரீவீலர் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்தது. அதை ஓட்டுபவர் ஒரு சிங்களப் பெரியவர். வண்டி மெதுவாகத்தான் போகும், நாலு வீட்டுக்கு ஒருமுறை நிற்கும். இதன் பின்னால் போனால் என்ன என்று தோன்றியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தால் நானும் குறைப்பேன். ஓரமாக ஒட்டிப் போனால் நானும் ஒட்டிப் போவேன். அவர் எங்கே ஹாரன் அடிக்கிறார், எங்கே அடிப்பதில்லை என்று பார்த்துக்கொண்டேன். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டி வரும். சும்மா நிற்பது கூச்சமாக இருந்ததால், ஒவ்வொரு நாளும் பணிஸ், அதாவது பன், வாங்கினேன். ஒரு வாரம் போனதும் மாமியார், "இவ்வளவு பணிஸ் யாருக்கு புள்ள?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் அடுத்த நாள் காலை வாசலில் நின்று பான்காரரிடம் சிங்களத்தில் எதையோ சொன்னார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். அன்றிலிருந்து கடினமான வளைவு வந்தால், கையை வெளியே நீட்டி, மெதுவாக வா என்று காட்டுவார். பிறகு ஒரு நாள் கையைக் காட்டாமலேயே போனார். அன்று நான் அவரை முந்திக்கொண்டு டவுனுக்குப் போய் வந்தேன்.

மாமியாரைப் பின்னால் ஏற்றுவது தனிக் கதை. கொண்டை இருந்ததால் ஹெல்மெட் இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே முடிந்தோம். ஒருபக்கமாக உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. மாத்தளை போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை. கிளினிக் முடிந்து திரும்பும்போது பாதி வழியில், "அந்த வீட்டுக்கு புது கேட்டு போட்டுருக்காங்க" என்றார். கண்ணைத் திறந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்: "பல்லேகம வரைக்கும் இந்த வண்டி போவுமா?"

பல்லேகம ரிவர்ஸ்டனுக்கு அந்தப் பக்கம். மாமியாரின் தங்கச்சி அங்கே ஒரு சிங்கள விவசாயியைக் கட்டிக்கொண்டு போனவர். சண்டையெல்லாம் இல்லை. ஆனால் பஸ்ஸில் மலை ஏறி இறங்க மாமியாருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது, தங்கச்சிக்கு வயலை விட்டு வர முடியாது. போனில் பேசிக்கொண்டே வருஷங்கள் ஓடியிருந்தன. இப்போது தங்கச்சிக்குக் கண்ணில் ஒப்பரேசன் செய்திருந்தார்கள்.

"போகும் அத்தை" என்றேன். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஒரு ஞாயிறு காலையில் கிளம்பினோம். மேலே போகப் போக ரோடு ஒடுங்கியது. ரிவர்ஸ்டனில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. பனிக்குள் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, கால் ஊன்றிக் காத்திருந்தேன். பஸ் எங்களை உரசாமல் இறங்கிப் போனது. கண்டக்டர் படியில் நின்று கை காட்டினார். "நல்லா நிப்பாட்டுன" என்றார் மாமியார், என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கணவாயைத் தாண்டியதும் பனி பின்னால் நின்றுவிட்டது. நனைந்த சட்டையில் சுள்ளென்று வெயில் பட்டது. கீழே பச்சை வயல்கள் விரிந்து கிடந்தன. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு சமதரையைப் பார்த்த சந்தோஷத்தில் நான் என்னை அறியாமல் கத்தினேன். மாமியார் பயந்து, "என்னா, என்னா?" என்று என் தோளைப் பிடித்தார்.

தங்கச்சி வாசலில் நின்றிருந்தார், ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஸ்கூட்டியிலிருந்து ஹெல்மெட்டோடு இறங்கியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மாமியார் அதைக் கழற்றியதும், "அக்கே!" என்று ஓடி வந்தார். அவருடைய தமிழ் பாதி சிங்களமாகிவிட்டிருந்தது. ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கும், சிங்களத்தில் முடியும். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் அடுப்படிக்குள் போனார்கள்.

எனக்குச் சோறு போட்டபோது தங்கச்சி கேட்டார்: "இங்க எப்புடி மகள், புடிச்சிருக்கா?"

"இப்ப புடிச்சிருக்குங்க சின்னத்தை. முதல்ல ரோடே புரியல."

"எனக்கு இங்க வெயிலு புரியல. மொத வருசம் பகல்ல வெளியவே வர மாட்டேன். இவரு அப்பலாம் ரா முழுக்க எங்கூட வயல்ல நின்னு தண்ணி கட்டுவாரு" என்று தன் கணவரைக் காட்டினார். தமிழ் புரியாத அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கிளம்பும்போது அவர்கள் கத்தரிக்காய் மூட்டை ஒன்றை வண்டியின் முன்னால் வைத்துக் கட்டிவிட்டார்கள். தங்கச்சி மறுபடி அழப் பார்த்தார். "எதுக்கு அழுவுற? அடுத்த மாசம் வாறோம்" என்றார் மாமியார். என்னிடம் அவர் கேட்கவே இல்லை.

திரும்பும் வழியில் ரோட்டோரம் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரின் கூடாரத்தில், தூறலுக்கு ஒதுங்கினோம். மாமியார் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சோளத்தைக் கடித்தபடி, தூரத்தில் வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை விட்டுருச்சு" என்று எழுந்து, நான் சொல்லாமலேயே கொண்டையைக் கீழே இறக்கி முடிந்துகொண்டார். "வா, எறக்கத்துல கொஞ்சம் வேகமா போவோம்."