பார்க்கவில்லை என்று சொன்னால் போதும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மாமல்லபுரத்தில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வீடு திருக்கழுக்குன்றத்தில். கணவருக்கு ஊரிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. கணவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் 'சாரி' சொல்வார். அதில் எனக்கு உள்ளூர ஒரு எரிச்சல் உண்டு. இப்படியும் ஒரு ஆம்பிளையா என்று நினைத்திருக்கிறேன். வெளியில் சொன்னதில்லை, ஆனால் முகத்தில் தெரிந்திருக்கும்.

ஒரு மாலை பள்ளி விட்டுக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து சித்தாள் பெண்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து வந்தார்கள். கடைசியாக வந்தவளை ஒரு வெள்ளை ஜீப் அடித்துப் போட்டது. அவள் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. பிரேக் சத்தம் அதற்குப் பிறகுதான். ஹாரன் அடிக்கவே இல்லை.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். ஜீப்பின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஒரு பையன் இறங்கினான். பத்தொன்பது இருபது வயது இருக்கலாம். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. கிட்டே வந்து குனிந்து, "ஆன்ட்டி, உயிர் இருக்குதா? சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். அவன் உதடு துடித்தது. அதற்குள் மறுபக்கத்திலிருந்து இறங்கிய ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் உள்ளே தள்ளி, தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். யாரோ வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். அவளை ஒரு மீன் வேனில் ஏற்றி அனுப்பினோம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டாள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

போலீஸில் நான் சொன்னது இரண்டே வரி. ஓட்டியது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நடுக்கத்தில் நானும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து, செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரச்சொல்லி சம்மன் வந்தது. ஜீப்பை ஓட்டியதாகச் சரணடைந்திருப்பவர் ஜீப் சொந்தக்காரர் வீட்டுச் சம்பள டிரைவர், ஐம்பது வயதுக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

சம்மன் வந்த வாரமே இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை ஆப்பிள். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அந்த மரியாதையில்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

"டீச்சர், ஒண்ணும் பயப்படாதீங்க. உங்கள பொய் சொல்லச் சொல்லல. யாரு ஓட்னாங்கன்னு பாக்கலன்னு சொன்னா போதும். அந்தப் பதட்டத்துல யாரு எதப் பாத்துக்கினு இருப்பாங்க?" என்றார் பெரியவர். "டிரைவருக்கும் விடுதல ஆயிடும். உங்களுக்கும் கோர்ட்டு அலைச்சல் இல்ல. யாருக்கு இன்னா நஷ்டம்?"

கூட வந்தவன் அலமாரியில் இருந்த மகளின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா ரிக்‌ஷாவுலதான போவுது? குளத்தாண்ட ரொம்ப ஸ்பீடா திருப்புறான் அந்தாளு. பாத்துப் போகச் சொல்லுங்க டீச்சர்" என்றான்.

அவர்கள் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. கணவர்தான் போட்டார். அந்த ஆப்பிள்களை நாங்கள் சாப்பிடவில்லை. குப்பையில் போடவும் பயம். தெருவில் யாராவது பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டால்? சமையலறை மூலையில் கிடந்து அழுகின. வீடு முழுக்க அந்த வாசனை.

அடுத்து வந்த நாட்களைப் போலப் பயந்து நான் எப்போதும் வாழ்ந்ததில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பேன், பாதியில் கை நின்றுவிடும். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஜன்னலுக்குப் போய்விடுவேன். வெள்ளை வண்டி எது போனாலும் உடம்பு வியர்க்கும். ஒருமுறை பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு பைக் வந்தது. நான் இறங்கியதும் அவனும் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அவன் பீடி பற்றவைத்துக்கொண்டு வேறு தெருவில் போய்விட்டான். யாரோ, எவனோ. ஆனால் அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எங்களை அடிக்கவில்லை, கல் எறியவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அதனால் பயம் குறைந்துவிடவுமில்லை.

ஒரு நாள் கணவரிடம் கேட்டேன். "பாக்கலைன்னே சொல்லிடட்டுமாங்க?"

சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொன்னால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவர் காலண்டரில் விசாரணைத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குது" என்றார். "ஆனா நீ பாத்தத நான் எப்படி பாக்கலன்னு சொல்லச் சொல்றது? அத நீதான் முடிவு பண்ணணும். பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டார். காலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளியில் விட்டார். மாலையில் சங்கத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு போய் அழைத்து வந்தார். "ஏன்பா நடந்து போறோம்?" என்று அவள் கேட்டதற்கு, "அப்பாவுக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றார். வெயிலிலும் மழையிலும் அந்த டாக்டரின் பேச்சைத் தட்டவில்லை.

விசாரணை நாளில் இருவரும் செங்கல்பட்டு போனோம். மகளை அன்று என் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். கோர்ட்டு வராந்தாவில் காக்கிச் சட்டையில் ஒரு ஆள் எங்களை நோக்கி வந்தார். நரைத்த தாடி. அவர்தான் அந்த டிரைவர் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மேடம், பாக்கலன்னு சொல்லிடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றார். "நீங்க வேற எதுனா சொன்னா எனக்கு அந்த வூட்ல வேலை போயிடும். இந்த வயசுல எவன் வண்டி குடுப்பான்?"

இதற்கு நான் தயாராக இல்லை. மிரட்டியவர்களை வெறுக்க முடிந்தது. இவரை என்ன செய்வது? ஏதாவது சொல்ல வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆப்பிள் கொண்டுவந்த பெரியவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் பின்சுவரோரம் தண்ணீர் பாட்டிலுடன் நின்றார். நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வண்டியை ஓட்டி வந்தவரைப் பார்த்தீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார்.

'பார்க்கவில்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்படி வந்ததை இப்போது மறைக்க எனக்கு மனமில்லை. அந்த நொடியில் எனக்கு நீதி நியாயம் ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து என்னிடம் கேட்ட அந்தப் பையனின் முகம்தான் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்த முகத்தை எப்படி இல்லை என்பது?

"பார்த்தேன். இவர் இல்லை. ஒரு சின்னப் பையன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லும்படி நீதிபதி சொன்னார். மறுபடி சொன்னேன்.

டிரைவருக்காக ஜீப் வீட்டார் வைத்திருந்த வக்கீல் என் கண்ணாடியின் பவர் என்ன, சூரியன் எந்தப் பக்கம் இருந்தது, என்று ஏதேதோ கேட்டார். தெரிந்ததைத் தெரியும் என்றேன், தெரியாததைத் தெரியாது என்றேன். வெளியே வந்தபோது ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது.

படிக்கட்டில் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். இறந்துபோனவளின் கணவர். செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டும் வேலை என்றார். சாட்சியத்தைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி அவ பக்கத்துல நீங்கதான் இருந்தீங்களாமே. எதுனா சொன்னாளா மேடம்?"

இத்தனை மாதத்தில் போலீஸோ வக்கீலோ இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. உங்களைத்தான் கேட்டாள், பிள்ளைகளைத்தான் கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் கண்ணைப் பார்த்து அப்படி ஒன்றை இட்டுக்கட்ட என்னால் முடியவில்லை.

"பேசலைங்க. பேச முடியல. ஆனா என் கைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே இருந்தாங்க. வேன்ல ஏத்தும்போதுதான் நான் விரலைப் பிரிச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். "அப்போ தனியா இல்ல" என்றார். பிறகு என் வலது கையை ஒரு கணம் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் பின்னால் போய் என் கணவர் வாந்தி எடுத்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, வெறும் தண்ணீர்தான் வந்தது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் பயத்திலேயே நான் மூழ்கிக் கிடந்த நாட்களில் இந்த மனிதர் தன் பயத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறார்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன். கல்யாணமான பிறகு அந்தச் சொல்லை அவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

"எதுக்கு?" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. இரண்டு டீ வாங்கிக் குடித்தோம்.

டிரைவர் விடுதலையானார். அவர் சொன்னபடியே வேலையும் போயிற்று. பின்னாளில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

மறுவிசாரணை நடந்து, அந்தப் பையன்மேல் வழக்குப் பதிவாகி எனக்கு மறுபடி சம்மன் வந்தபோது இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகள் பத்தாம் வகுப்பு. இந்தத் தடவை பயம் இருக்காது என்று நினைத்தேன். முதல்நாள் சாயங்காலமே கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கணவரும் வந்தார். வராந்தாவில் காத்திருந்தோம். உள்ளே இருந்து வந்த அரசு வக்கீல், "நீங்க போலாம் டீச்சர். வண்டிய தான்தான் ஓட்டினேன்னு அவனே ஒத்துக்கிட்டான்" என்றார். கதவிடுக்கில் பார்த்தேன். தாடி வைத்திருந்தான், உடம்பு போட்டிருந்தான். தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படி இறங்கும்போது கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கணவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன்.

"பசிக்குதா?" என்றார்.

"ம்."

எதிரே இருந்த மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிட்டது, தயிர்சாதம்தான் இருக்கிறது என்றார்கள். பரவாயில்லை என்று உட்கார்ந்தோம்.