தேசம்மா போட்ட மாலை

அன்று காலை குழாயடியில் என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. எதிர் வீட்டுக் கன்னியம்மா பின்னாலிருந்து சொன்னாள். "ஆயா, உங்க மாலைக்காரி மேல டிரெய்லர் ஏறிடுச்சாம். எண்ணூர் ரோட்டுல. அங்கயே போயிட்டாளாம்."

செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது. செத்தவளுக்குத் தேசம்மா என்று ஒரு பெயர் இருந்தது. இருபது வருடம் அதே குழாயில் எங்களோடு தண்ணீர் பிடித்தவள். செத்த அன்றைக்குக்கூட எங்கள் தெரு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மாலைக்காரி என்ற பட்டம் ஏன் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். யாரால் வந்தது என்று சிலருக்குத்தான் தெரியும். அவளைத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேசம்மா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடைமேடையில் வேலை பார்த்தாள். லாரி மேடையில் ஏறி நிற்கும், இவள் எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். நாற்பத்தொரு வயது. பிள்ளை இல்லை. புருஷன் ஏழுமலை துறைமுகத்தில் மூட்டை வேலைக்குப் போகிறவன், அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா பேசுவாள்.

என் பேத்தி நிவேதா கல்லூரிக்குப் போன முதல் வருடமே ட்ரையத்லான் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது படித்த என் வாயில் அந்தப் பெயர் நுழையவே ஒரு மாதம் ஆயிற்று. முதலில் நீந்த வேண்டும், ஏறி வந்த ஈரத்தோடு சைக்கிள் மிதிக்க வேண்டும், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது. விடிவதற்கு முன்னால் போனால்தான் பழக முடியும் என்றாள். என் மகன் முருகன் ஒரே வார்த்தையில் முடித்தான். "பொட்டப்புள்ளைய இருட்டுல தனியா கடலுக்கு அனுப்ப நான் இன்னா பைத்தியமா?" பக்கத்து வீட்டிலிருந்து தேசம்மா எட்டிப் பார்த்து, "நான் கூடப் போறேன் அண்ணே" என்றாள். இப்படித் துணைக்குத்தான் அவள் வந்தாள்.

அலையைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக்கு உள்பக்கம் அலை அவ்வளவாக இருக்காது. நிவேதா அங்கே நீந்துவாள். தேசம்மாவும் நானும் கல்மேல் உட்கார்ந்திருப்போம். நான் எதற்குப் போனேன் என்றால், என் பேத்தி நீந்துவதை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது. ஒருநாள் நிவேதா தண்ணீரிலிருந்து கூப்பிட்டாள்.

"அத்தே, சும்மா ஒக்காந்துகினு இன்னா பண்ற? எறங்கு."

"எங்க அப்பன் கட்டுமரத்துல போனவன். என்னை மட்டும் தண்ணில கால் வெக்க வுடல. பொண்ணு எறங்குனா மீன் படாதாம்."

"இப்ப ஒங்க அப்பனா மீன் புடிக்கறாரு?"

தேசம்மா செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, சுடிதாரோடு இறங்கினாள். ஒரு படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் வாரம் முழுக்கக் காலை உதைத்தாள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கயிற்றை விட்டுவிட்டாள். வேலைக்குப் போகிற பழைய சைக்கிள் அவளிடம் இருந்தது. ஓடுவதற்குக் கால் இருந்தது. மாசியில் நடக்கிற போட்டிக்கு நிவேதா பெயர் கொடுத்தபோது, "என் பேரையும் எழுதுடி" என்றாள்.

மெட்ராஸில் ஏது குளிர் என்று கேட்பவர்கள் மார்கழியில் நாலரை மணிக்கு அந்தக் கல்மேல் வந்து நின்று பார்க்கட்டும். தண்ணீருக்குள் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது, கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஏறி வந்ததும் வாடை பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு சைக்கிள் மிதித்தால் விரல் பிரேக்கைப் பிடிக்காது. ஒரே வாரத்தில் நிவேதா போர்வைக்குள் சுருண்டுவிட்டாள். "ஒடம்பு வலிக்குது ஆயா, நாளைக்குப் போறேன்." அந்த நாளை நாலு நாள் வந்தது.

ஐந்தாம் நாள் தேசம்மா உள்ளே வந்தாள். எழுப்பவில்லை, திட்டவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். பேத்தியோடு சேர்த்துச் சுருட்டினாள். இடுப்புவரை சுருட்டியதும் நிவேதா கத்திக்கொண்டு எழுந்தாள். தேசம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். "குளிரு கடல்ல இல்ல பெரிம்மா, பாயிலதான் கீது. பாயைச் சுருட்டிட்டா அது எங்க போயி ஒக்காரும்?" அதற்குப் பிறகு தினமும் அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் நிவேதா தானே எழுந்துவிடுவாள்.

தேசம்மாவின் பாயைச் சுருட்டத்தான் ஆள் இல்லை. அவளைத் திரும்பப் படுக்க வைக்கத்தான் ஆள் இருந்தார்கள். மாமியார் தெருவில் நின்று, "ஈரத்துணியோட ஊரு சுத்தறவளுக்கு வூடு எதுக்கு?" என்று கேட்டாள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள், "இன்னா மாமு, கடல்கன்னி போவுது, வழி வுடு" என்று சிரித்தார்கள். ஏழுமலை வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் ராத்திரி முதல் மாமியார் விடியும் வரை கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் தேசம்மா வரவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, கழுத்தில் அம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைத் தனியாக இழுத்துச் சொன்னாள்.

"ஒன்கிட்ட மட்டும் சொல்றேன் பெரிம்மா. மாசிப் போட்டி வரைக்கும்தான் இந்த மாலை. மாலை போட்டவ விடியலுக்கு முன்ன எழுந்து பச்சத்தண்ணில குளிச்சே ஆவணும். இப்ப எவ கேப்பா என்னை?"

"சாமி குத்தம் ஆயிடப்போவுதுடி."

"அம்மன்கிட்ட மறைச்சா போட்டேன்? மூணையும் முடிக்கணும், நீ கூட இருன்னு சொல்லிட்டுத்தான் போட்டேன். கவுச்சி இல்ல, ஒருவேளைச் சோறு, வெறும் தரைல படுக்கறேன். இதுல எது பொய்யி, சொல்லு."

எது பொய் என்று தேடிப் பார்த்தேன். இன்றைக்கும் தேடுகிறேன்.

மறுநாளிலிருந்து தெருவே மாறிவிட்டது. கடல்கன்னி என்று கூப்பிட்டவர்கள் பெஞ்சை விட்டு எழுந்து நின்றார்கள். பூட்டு போட்ட மாமியார் விடிகாலையில் கோலம் போட்டுக் கதவைத் திறந்துவைத்தாள். நேற்றுவரை தேசம்மா என் பேத்திக்குத் துணை. இப்போது என் பேத்தி சாமிக்குத் துணை. முருகன்கூட, "புண்ணியம்தான, போயிட்டு வரட்டும்" என்றான். ஒருநாள் கன்னியம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்து, காய்ச்சலில் கிடக்கிற மகனுக்காக அதைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னாள். தேசம்மா தொட்டுக் கொடுத்தாள். கடற்கரைக்கு வந்து, சுடிதாருக்கு மேல் சுற்றியிருந்த சிவப்புச் சேலையை மடித்து என் கையில் கொடுக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னைக் கண்டா எனக்கே பயமா கீது பெரிம்மா." மார்கழி போயிற்று, தை போயிற்று, ஒரு நாளும் தவறவில்லை.

போட்டி அன்று நான் போயிருந்தேன். நிவேதா அவள் வயதுப் பெண்களில் மூன்றாவதாக வந்தாள். மெடல் போட்டார்கள். தேசம்மா வரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஆள் அவளைப் பார்த்துச் சுற்றுவதை நிறுத்தினார். ஓடி வந்து கோட்டைத் தாண்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சிட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதே வாரம் கோயிலுக்குப் போய் முறையாக மாலையைக் கழற்றினாள்.

இனி என் கதை. பங்குனியில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். பேத்தியின் மெடலைப் பற்றி அன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா, "சாமியம்மா கூடப் போன புண்ணியம் ஆயா. மெடலு அம்மன் குடுத்தது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் பேத்தி குளிரில் விரல் மரத்துப்போய் மிதித்துச் சம்பாதித்ததை இன்னொருவர் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மாலையே பந்தயத்துக்குப் போட்டதுதான். என் பேத்தி ஒழைச்சு வாங்கின மெடலு" என்றேன். சொன்ன பிறகுதான் வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தோடு வந்தவள்தான் மாலைக்காரி என்ற பட்டத்தை முதலில் சொன்னாள். மாமியார் சேலையைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். பொய் மாலை போட்டவளோடு தன் மகள் போகக் கூடாது என்று முருகன் நிவேதாவைக் கல்லூரி நீச்சல் குளத்தோடு நிறுத்திவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டேன்.

தேசம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து, படி ஏறாமல் நின்று கேட்டாள். "மெடலு போதாதா பெரிம்மா ஒனக்கு? பேரும் வேணுமா?" அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு ஒன்பது மாதம் அதே குழாயில் தண்ணீர் பிடித்தோம். என் குடம் நிறைந்தால் நகர்த்தி வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கார்த்திகையில் மறுபடி மாலை கேட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த பெண்கள், "ஒனக்கு நீச்சலுக்கா, ஓட்டத்துக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடலுக்குப் போக வழியில்லை. வேலைக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது அல்லவா. அதனால் எட்டரை மணி வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்பினாள். சாத்தாங்காட்டுக்கு நேராகப் போகாமல் எண்ணூர் வரை மிதித்துவிட்டுத் திரும்பி வந்து எடைமேடையில் உட்காருவாள். மார்கழிப் பனியும் புகையும் சேர்ந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத சாலை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் வண்டிகள் ஓரம் முழுக்க நிற்கும். சைக்கிள் நடுவில்தான் போக வேண்டும். தனியாகத்தான் போனாள். துணைக்கு ஆள் இல்லாமல் செய்தவள் நான்.

சாவு வீட்டில் வைத்த பேனரில் அந்தச் சிவப்புச் சேலைப் படத்தையே போட்டிருந்தார்கள். வேறு நல்ல படம் இல்லையாம். அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு ஒருத்தி சொன்னாள், "அம்மன் சும்மா வுடுவாளா? சாமி குத்தம்." நான் எழுந்து நின்றேன். "டிரெய்லர் ஓட்டினது அம்மன் இல்லடி. பொய் மாலைன்னு எவளாவது இனிமே சொன்னா என்கிட்ட சொல்லுங்க. அவ அம்மன்கிட்ட சொல்லிட்டுத்தான் போட்டா. ஊர்கிட்ட போட்டுக் குடுத்தது நான்." ஏழுமலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒன்பது மாதம் தாமதமாகச் சொன்னதற்கு அந்தப் பார்வை போதும்.

முருகன் அன்றைக்கே நிவேதாவின் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். இனிமேல் நீச்சலும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம் என்றான். மாசிப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்தாயிற்று. படுத்தவள் படுத்தபடி கிடந்தாள். பாயைச் சுருட்டலாமா என்று எனக்குத் தோன்றியது. தொட எனக்கு அருகதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் விடிகாலை, நான் அடுப்பங்கரையில் இருந்தபோது நிவேதா வந்து நின்றாள். பச்சைத்தண்ணீரில் குளித்து, நனைந்த தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். சாவிக்குக் கையை நீட்டினாள். எண்ணூர் சாலை என் கண்ணுக்குள் வந்து நின்றது. கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சாவியைக் கொடுத்தேன்.

"நானும் கல்லு வரைக்கும் வரட்டாடி?"

"வேணாம் ஆயா."

முருகன் எழுந்து வந்து சைக்கிள் இல்லாததைப் பார்த்தான். "யாரு தொறந்து வுட்டது?" நான்தான் என்றேன். "நாளைக்கு அவளுக்கும் எதுனா ஆனா?" என்று கேட்டான். "நீ கூடப் போ" என்றேன். அவன் போகவில்லை. அவள் தினமும் போகிறாள். திரும்பி வந்து சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்கும் வரை நான் காப்பித் தம்ளரைத் தொடுவதில்லை.

தேசம்மாவின் சாமான் எதுவும் என்னிடம் கிடையாது. அவள் வீட்டில் கேட்க எனக்கு முகமும் இல்லை. என் மேல் அவள் வைத்திருந்த கோபம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. சாகும் வரை அவள் அதைத் தணித்துக்கொள்ளவில்லை, அது அவள் நியாயம். வயதானவள், தெரியாமல் சொல்லிவிட்டாள் என்று யாராவது எனக்காகப் பேச வந்தால் தயவுசெய்து வராதீர்கள். தெரிந்துதான் சொன்னேன். அந்தக் கோபத்தை நான் உயிரோடு இருக்கிறவரை வைத்திருப்பேன்.