ஜவ்பர் நானாவும் சவுக்குக் கன்றுகளும்

ஜவ்பர் நானாவிடம் யாராவது ஒரு வாழைப்பழத்தைச் சும்மா நீட்டினால்கூட, அவர் முதலில் பழத்தைப் பார்க்க மாட்டார். கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "என்ன விசேசம்?" என்று கேட்பார். "பெருநாள், நானா" என்றால், "அது எனக்கும் தெரியும். எனக்கு என்னத்துக்குத் தாறீங்க?" என்பார். எங்கள் மேற்குக்கரை ஊர் கண்டக்குழியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. இந்த வருடம் ஜூன் மாதம் வரை நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் ஒரு கரைவலைக்குச் சொந்தக்காரர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்பார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு, வலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டு வந்து, மறுமுனையைச் சற்றுத் தள்ளிக் கரைக்குக் கொடுப்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். அதற்கு அகலமான, வெறும் மணல் வேண்டும். ஒரு கட்டை நின்றாலும் கயிறு சிக்கும். அப்படி வலை இழுக்கும் கரைத்துண்டைத்தான் பாடு என்கிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சம்மாட்டி உண்டு. அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஜவ்பர் நானா இந்த ஊரில் பிறந்தவர் அல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கமிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அப்போது அவர் சிறுவன். அகதி முகாமில் வளர்ந்து, இங்கே கயிறு இழுக்கும் கூலியாளாகச் சேர்ந்து, சம்மாட்டியின் மகள் ஷஃபீனாவைக் கலியாணம் செய்தார். மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் வலையும் பாடும் அவர் கைக்கு வந்தன. "வந்தவனுக்குப் பாடு எங்கால?" என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். சிலர் அவர் காதுபடவே கேட்பார்கள்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால் இளைஞர் கழகத்தில் எந்த வேலை வந்தாலும் ஓடிப்போவேன். வருடா வருடம் ஜூனில் மரநடுகை நாள் செய்கிறோம். இம்முறை கன்றுகளைத் தருவதாக, கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்காகப் புதிதாகத் திறந்த லொட்ஜ்காரர்கள் சொன்னார்கள். இடத்தையும் அவர்களே காட்டினார்கள். நாங்கள் மண்வெட்டியோடு போய்க் குழி தோண்டினோம். அது ஜவ்பர் நானாவின் பாடு என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஜூனில் கடல் பக்கமிருந்து தென்மேற்குக் கச்சான் காற்று பலமாக அடிக்கும். வலைக்காரர்கள் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். கரையில் நாயைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையைப் பார்த்தபோது பாடு என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

ஐந்தாறு குழி தோண்டியிருப்போம். அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நேரே ஒரு குழிக்குள் இறங்கி நின்றுகொண்டார்.

"ஸுஹைப், இது ஆர் தோண்டச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.

"நாளண்டைக்கு மரநடுகை நாள், நானா. கழகம் செய்யுது."

"போன வருசம் பள்ளிக்கூட றோட்டில நட்டீங்க. அதுக்கு முதல் வருசம் மையவாடி மதிலோரம் நட்டீங்க. இந்த வருசம் மரத்துக்குக் கடல் பாக்க ஆசை வந்திட்டா?"

பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கண்டு ஆர் தாறது?"

"லொட்ஜில."

"இவ்வளவு நேராத் தோண்டியிருக்கீங்களே, உங்கட கண் அவ்வளவு நேரா?"

"அவங்கதான் கயிறு பிடிச்சுத் தந்தாங்க, நானா."

"கயிறு பிடிச்சா?" என்றார். அதை இரண்டு முறை சொன்னார். எங்கள் பக்கம் ஒருவர் காணியில் கயிறு பிடிப்பது அளக்கத்தான். அதை அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன். குழிகளின் வரிசை லொட்ஜின் வேலி முடியும் இடத்திலிருந்து புறப்பட்டு, பாட்டின் நடுவால் நேரே கடலைப் பார்த்துப் போயிருந்தது. வேலியை நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

அவர் லொட்ஜுக்குப் புறப்பட்டார். எனக்கும் விசயம் தெரிய வேண்டியிருந்தது. கூடவே போனேன்.

மனேஜர் பீற்றர் சிலாபத்துக்காரர். எப்போதும் சிரித்த முகம். "வாங்க நானா, இருங்க. பிளேன்ரீ குடிக்கிறீங்களா?"

நானா இருக்கவில்லை. "ஏன் தம்பி அந்த இடத்தில?"

"காத்து நானா. மணலை அள்ளி வந்து ஆக்கள்ட சாப்பாட்டுக் கோப்பைக்குள்ள போடுது. சவுக்கு நிண்டா மறைக்கும். ஊருக்கும் நல்லந்தானே?"

"காத்து கடல் பக்கத்தால வருது. மரத்தைக் கடலைப் பாத்து நேரா நட்டா என்னத்தை மறைக்கும்?"

பீற்றர் ஒரு கணம் வெளியே பார்த்தார். "அது, படம் கீறினவங்க அப்பிடித்தான் கீறியிருக்காங்க, நானா."

"மழை ஐப்பசியிலதான் வரும். ஜூன்ல நட்டா ஆர் தண்ணி ஊத்துறது?"

"உலகம் முழுக்க ஜூன்லதானே நடுறாங்க." பீற்றர் மறுபடியும் சிரித்தார். "ஏன் நானா இவ்வளவு யோசிக்கிறீங்க? அந்த இடம் சும்மாதானே கிடக்கு?"

தேநீர் வந்தது. நானா கோப்பையைத் தொடாமலே வெளியே வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார். சண்டை முடிந்து, வாப்பாவின் வயலைப் பார்க்க ஊருக்குப் போனாராம். வயல் இல்லை. தொடை மொத்தத்தில் பாலை மரமும் வீரை மரமும் நின்றனவாம். துப்புரவாக்கப் போனால், இது காடு, மரம் தறித்தால் வழக்கு என்றார்களாம்.

"கிணறு இருந்திச்சு ஸுஹைப். உம்மா கட்டின கிணறு. கிணத்துக்குள்ளயும் மரம். நாங்க இருபது வருசம் அங்க இல்ல. இருக்க விடல்ல. அந்தக் காலத்தில மரம் வளந்திட்டுது. மரம் வளந்ததால காடாம். காடு எண்டதால எங்கட வயல் இல்லையாம். மரத்தை வச்சே எங்களை இல்லாத ஆளாக்கினாங்க."

எனக்குப் பாடசாலையில் மரத்தைப் பற்றிச் சொல்லித் தந்ததெல்லாம் நல்ல விசயங்கள்தான்.

வீட்டில் ஷஃபீனா தாத்தா முற்றத்தில் நெத்தலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனை நானா என்பதுபோல அக்காவை நாங்கள் தாத்தா என்போம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "மரத்தோட வழக்குப் பேசுற ஆம்பிளையெண்டு நான் உங்களத்தான் கண்டிருக்கன்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். சிரிப்புப் போய்விட்டிருந்தது.

"சரி, நட வேணாம் எண்டு போய் நில்லுங்க. என்ன சொல்லுவாங்க? அகதியா வந்தவன் ஊர்ல மரம் நட விடுறான் இல்ல எண்டுவாங்க. பேசாம இருந்தா? சம்மாட்டியே நிண்டு பாத்தவர், பாட்டை அவரே குடுத்தவர் எண்டுவாங்க. அனுமதி புதுக்கிற நேரம் வந்து பாத்தா அங்க மரந்தான் நிக்கும்."

"அப்ப என்ன செய்யச் சொல்றாய்?"

"என்னட்டக் கேக்காதீங்க. எங்கட வாப்பா எண்டா வலையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்."

அதை அவர் கோபத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் நானா நேரே வலை சுற்றி வைத்திருந்த கொட்டிலுக்குள் போனார்.

அவருடைய ஆட்கள் எல்லோரும் முல்லைத்தீவுக்குப் போயிருந்தார்கள். படகோட்டி சூசைப்பிள்ளை மட்டும், மகளின் பிள்ளைப்பேறு என்று ஊரில் நின்றார். விசயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கைவைத்தார்.

"விசர் பிடிச்சிட்டா நானா உனக்கு? கச்சானுக்குள்ள வலையா?"

"அரைக் கடலுக்கு வேணாம். அலை உடையிற இடத்தத் தாண்டினாப் போதும்."

"ஒரு மீன் வராது."

"மீனுக்கு இல்ல."

"வலை கிழிஞ்சா என்னைப் பேசக் கூடாது" என்று மட்டும் சூசைப்பிள்ளை சொன்னார்.

மரநடுகை நாள் காலையில் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வந்து வரிசையாக நின்றார்கள். லொறியில் சவுக்குக் கன்றுகள் வந்திறங்கின. பிரதேசத்து அலுவலர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். லொட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களும் தொப்பியோடு வந்தார்கள். நானா நிறுத்தச் சொல்லாததால் குழிகள் முழுவதையும் நாங்கள் தோண்டி முடித்திருந்தோம். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. அது அல்லாஹ்வின் உதவி என்று நானா பிறகு சொன்னார். அதை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை.

முதல் கன்றை அலுவலர் கையில் எடுத்த நேரம், ஜவ்பர் நானா துவைத்த சாரமும் தொப்பியுமாக முன்னால் வந்து நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர். ஒரு சின்ன விசயம். இந்தக் கரையில எந்த நல்ல வேல தொடங்கினாலும் முதல்ல ஒரு வலை இழுக்கிறது எங்கட வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எனக்குத் தெரியும். அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். "வந்தவன்" என்று வழக்கமாகச் சொல்பவர்கள்கூட அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான மஸாஹிர் ஹாஜியார்தான் தாடியைத் தடவிக்கொண்டு, "ஓம் சேர், அது பழைய வழக்கம்" என்றார். நானாவின் கண் அவர் பக்கம் திரும்பியது. நன்றியோடு அல்ல. இவர் ஏன் எனக்கு உதவுகிறார் என்ற பார்வை அது.

அலுவலருக்கு மகிழ்ச்சி. "அப்பிடியா? நல்லம், நல்லம், செய்வம்."

சூசைப்பிள்ளை ஏற்கெனவே படகில் இருந்தார். வலையின் சிறு பகுதியை மட்டும்தான் போட்டார்கள். இரண்டு கயிறுகளும் கரைக்கு வந்தன. பிள்ளைகள், ஆசிரியர்கள், வெள்ளைக்காரர்கள், அலுவலர், எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். பீற்றர் ஓரமாக நின்றார்.

"பீற்றர் தம்பி, என்ன வெக்கம்? முன்னுக்கு வாங்க. இந்தா, பிடிங்க." நானா அவர் கையில் கயிற்றைத் திணித்தார். என்னிடம் திரும்பி, "படம் எடு. முகம் தெரியணும். சேர்ட முகமும் இவர்ட முகமும் வலையும் ஒண்டா வரணும். நாளைக்கு ஆராவது இங்க வலை இழுத்தவங்களா எண்டு கேட்டா, இழுத்தவங்களே சொல்லட்டும்."

எல்லோரும் இழுத்து இழுத்துப் பின்னால் நடந்தார்கள். நடுவில் இருந்த குழிகளில் பிள்ளைகள் விழுந்து எழும்பினார்கள். கயிறு மணலை அரைத்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கத்தாரும் நடுவுக்கு வந்து சேர்ந்தபோது பாதிக் குழிகள் தூர்ந்துபோயிருந்தன. வலையில் சாதாளைப் பாசியும் பிளாஸ்டிக் போத்தலும் இரண்டு சொறிமுட்டையும் ஒரு கைப்பிடி சூடை மீனும் வந்தன. மீன் சேரும் மடிப்பகுதி ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானா கிழிசலைப் பார்க்கவே இல்லை. அலுவலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் மூச்சு வாங்கியபடி சட்டையை உதறினார். பிறகு குழிகளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "இதுக்குள்ள மரம் வளந்தா நீங்க எப்பிடி வலை இழுக்கிறது?"

"நானும் அதைத்தான் கேக்க இருந்தன் சேர்" என்றார் நானா.

கன்றுகளைப் பாட்டின் இரண்டு ஓரத்திலும் நடுவது என்று அங்கேயே முடிவானது. பீற்றர் மறுக்கவில்லை. முதல் கன்றை நானாவே நட்டார். நாங்கள் எல்லோரும் நட்டோம். புதுக் குழி தோண்டித் தோண்டி என் கை கொப்புளித்துவிட்டது.

போகும்போது பீற்றர் நானாவின் தோளைத் தட்டினார். "நல்லாயிருந்திச்சு நானா. ஆக்களுக்கு நல்ல விருப்பம். இனி வருசா வருசம் இதையும் வைப்பம்."

"ஏன்?" என்றார் நானா.

அன்று முழுவதும் அவர் முகம் தெளியவில்லை. "இவ்வளவு லேசில ஏன் விட்டான்?" என்று சூசைப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். "வெண்டிட்டாய், போய்ப் படு" என்று அவர் சொன்னாராம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலை, நானா என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். போனேன். பாட்டின் நடுவில், கயிறு வரும் வழியில், ஒரு சவுக்குக் கன்று நின்றது. அடி மண் இன்னும் ஈரம். யாரோ தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள்.

"நீயா?"

"இல்ல நானா. வல்லாஹி நான் இல்ல."

என் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஷஃபீனா தாத்தா, "பிந்தி வந்த ஏதாவது பள்ளிக்கூடப் பிள்ளை நட்டிருக்கும், விடுங்க" என்றார். இருக்கலாம். லொட்ஜ்காரர்களாகவும் இருக்கலாம். "வந்தவன்" என்று சொல்கிறவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

அவர் அதைப் பிடுங்கி எறியவில்லை. மண்ணோடு கிண்டி எடுத்து, ஒரு பழைய வாளியில் வைத்து, வீட்டு வாசலில், றோட்டால் போகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். யாராவது "என்ன நானா, வாளிக்குள்ள சவுக்கு?" என்று கேட்டால், முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறார்:

"நட்டவன் வந்து கேக்கட்டும், குடுக்கிறன்."